மஸ்கட்டில் விட்டுவந்த நோட்டு

ஜனவரி 12, 2025

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து, "எத்தனை நாள்ப்பா லீவு?" என்று மூன்றாவது தடவை கேட்கிறாள். பதினைந்து நாள். அதுவரை நான் தலைமைப் பயிற்சியாளனாக இருக்கும் மஸ்கட் கால்பந்துக் கிளப்பில் பயிற்சி நிற்கக் கூடாதென்று, என் குறிப்புகள் உள்ள நீல அட்டை நோட்டை ஆரோக்கிய பிரபுவிடம் கொடுத்து வந்திருக்கிறேன். தங்கச்சி பெல்சியின் வீட்டுக்காரன். நான்தான் உதவிப் பயிற்சியாளனாகக் கூட்டிப்போனேன். நோட்டு முழுக்கத் தமிழ். அந்தக் கிளப்பில் அதைப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான்.

ஜனவரி 17

கிளப்பிலிருந்து மெயில். நான் லீவை நீட்டித்துக்கொள்ளலாமாம். நான் கேட்கவே இல்லையே? பிரபு போனை எடுக்கவில்லை.

ஜனவரி 19

கிளப்பின் பேஸ்புக் பக்கத்தில் போட்டோ. புதிய தலைமைப் பயிற்சியாளர்: ஆரோக்கிய பிரபு. கையில் என் நோட்டு. காப்பிக் கறைகூடத் தெரிகிறது.

அஞ்சு வருஷம் எழுதுன நோட்டுடா. பாவி.

ஜனவரி 21

மேனேஜரிடம் பேசினேன். கிளப் தலைவரைப் பற்றி நோட்டில் நான் எழுதியதை பிரபு மொழிபெயர்த்துக் காட்டினானாம். "பந்து உருண்டை என்பதைத் தவிர இவருக்கு ஒன்றும் தெரியாது." எழுதியது நான்தான், பொய்யும் இல்லை. யார் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியம். படிக்கத் தெரிந்த ஒரே ஆளுக்கு நானே விசா வாங்கிக் கொடுத்திருக்கிறேன் — என்ன மூளை எனக்கு!

சாயங்காலம் மானகிரி மாமியார் வீட்டிலிருந்து பெல்சி வந்தாள். "அண்ணே, தலைவர் கேட்டாக, அவுக வாசிச்சுக் காட்டுனாக. மாட்டேன்னு எப்படிச் சொல்லுவாக?"

"அப்படி ஒரு பக்கம் இருக்குன்னு தலைவருக்கு யாரும்மா சொன்னா?"

பெல்சி எழுந்து, அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பிப்ரவரி 15

பெல்சிக்குக் குடும்ப விசா வந்து, இன்று கிளம்பிவிட்டாள். அம்மா கொடுத்துவிட்ட சீப்புச் சீடை டப்பாவை நான்தான் இறுக்கிக் கட்டினேன். ஏர்போர்ட்டுக்குப் போகவில்லை.

மார்ச் 7

பெல்சி போன் பண்ணினாள். நாளை மறுநாள் அரையிறுதியாம். "அண்ணே, கோல்கீப்பர் பேருக்கு நேரா மூணு சிவப்புப் புள்ளி வச்சிருக்கீகளே, அது என்னண்ணே?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பக்கத்தில் அவன் தொண்டையைச் செருமுவது கேட்டது. வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் அந்தக் கோல்கீப்பரின் முட்டி என்ன பாவம் பண்ணியது?

"பிராக்டிஸ்ல மூணு தடவைக்கு மேல இடப்பக்கம் பாய விடக்கூடாது. இடது முட்டி தாங்காது."

"சரிண்ணே."

"நீ இல்லம்மா. உன் வீட்டுக்காரரத் திருப்பிச் சொல்லச் சொல்லு." என்னிடம் பயிற்சி எடுக்கிற எல்லாரும் திருப்பிச் சொல்லியாக வேண்டும்.

பிறகு பிரபு சொன்னான், ஒரு வார்த்தை விடாமல்.

சரியாகத்தான் சொன்னான்.