கணுக்கால் அளவு தண்ணீர்

அன்புள்ள அனிகாவுக்கு ரேமண்ட் மாமா எழுதுவது. நானும் மார்லிஸ் அத்தையும் இங்கே உயிரோடும் ஓரளவு சூடாகவும் இருக்கிறோம், நீயும் அல்புகெர்க்கி வெயிலில் வதங்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். மாமா ஏன் போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் அத்தை காதில் விழும். தவிர, நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தாலே உனக்கு ஆஸ்பத்திரியில் அவசரம் வந்துவிடுகிறது, போனை வைத்துவிடுகிறாய். இந்த வருஷக் குளிர் மின்னசோட்டாவில் வேறு எவனையும் கொன்றிருக்கும். காலையில் காப்பியோடு வாசலுக்குப் போனேன், கலக்குவதற்குள் கரண்டி அப்படியே நட்டுக்கொண்டு நின்றுவிட்டது. சென்ற மாதம் ஏரியில் நான் பிடித்த பைக் என்கிற முரட்டு மீன் ஐஸில் போட்ட ஓட்டை வழியாக வெளியே வர முடியாமல் திரும்பிப் போனது, அவ்வளவு பெரிசு. அத்தை அதை நம்பவில்லை. அவள் இப்போது நான் சொல்லும் எதையுமே நம்புவதில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

கல்லூரியில் புது ஏற்பாடு ஒன்று வந்திருக்கிறது. எந்தப் பட்டத்துக்குப் படித்தாலும் சரி, எல்லாப் பிள்ளைகளும் சில பொதுப் பாடங்களைக் கட்டாயம் படித்தாக வேண்டும் என்பது உன் காலத்திலும் இருந்ததுதான், இப்போது பழைய பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள். இயற்கை, சமூகம், கலை என்று புதிதாகப் பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொரு பாடமும் ஏதாவது ஒரு பிரிவுக்குள் வரத் தகுதி உண்டா என்று ஒரு குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் இல்லாத பாடத்துக்கு எந்தப் பிள்ளையும் வராது, கணக்கில் சேராத பாடத்தை எவன் காசு கொடுத்துப் படிப்பான்? அத்தையின் ஏரி ஐஸ் பாடம் உனக்கு நினைவிருக்கும், நீயே படித்தாயே, ஐஸைத் துளைத்து, தடிமன் பார்த்து, அடியில் மீன் எப்படி மூச்சு விடுகிறது என்று கண்டுபிடிப்பது. அவளுக்கு வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலைதான், அந்தப் பாடம் போனால் அவளை முழுநேரமாக வைத்துக்கொள்ளக் காரணம் இல்லை. முழுநேரம் போனால் எங்கள் வைத்தியக் காப்பீடும் போகும், என் முழங்கால் ஆபரேஷனும் அதோடு போகும். முழங்காலை விடு. அவள் அந்த ஏரியைவிட்டு எங்கே போவாள்?

குளிர்காலம் பூராவும் விண்ணப்பம் எழுதினாள். ஒருதரம் திருப்பி அனுப்பினார்கள், மாணவர்கள் புரிந்துகொள்வார்கள் என்று போட்டிருக்கிறாய், புரிந்ததை எப்படி அளப்பாய், அளக்கக்கூடியதாக எழுது என்று. இன்னொரு தரம் அனுப்பினார்கள், மாதிரிப் பரீட்சைத் தாள் எங்கே என்று. நான் கூடமாட உதவினேன், என் யோசனைகள் இல்லாவிட்டால் அது ஒப்பேறியிருக்காது, அத்தை வேறு மாதிரி சொல்வாள். கடைசியில் வில்லங்கம் இல்லாத பாடங்களின் கட்டுக்குள் அதைச் சேர்த்துவிட்டார்கள். அந்தக் கட்டைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், மொத்தமாகக் கை தூக்கி நிறைவேற்றிவிடுவார்கள். யாராவது ஒருவர் அதை மட்டும் வெளியே எடு என்று சொன்னால்தான் ஆபத்து.

குழுத் தலைவர் வெண்டல் ஸ்டுவே, சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறவர், நல்ல மனுஷன், பயந்த சுபாவம். கூட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை அவரை உறைந்த ஏரிமேல் இருக்கும் என் மீன்பிடிக் குடிலுக்கு அழைத்துப்போனேன். அடுப்பு எரிகிறது, காட்டரிசி சூப் சூடாக இருக்கிறது, தூண்டிலை விட்டுவிட்டு இரண்டு ஆம்பிளைகள் சும்மா எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது. மார்லிஸ் பாடத்தில் பிள்ளைங்க நிஜமாவே ஐஸ்மேல நடக்குறாங்களா ரே என்று கேட்டார். நடக்குறதாவது, ஒருதரம் என் மருமகளே உள்ள போய்ட்டா வெண்டல், கழுத்து மட்டும் தண்ணி, நான்தான் வயித்தாலே தவழ்ந்துபோய், பல்லாலே கயித்தைக் கடிச்சு இழுத்தேன் என்றேன். அவர் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது, கொஞ்சம் ஓநாய்களையும் சேர்த்தேன்.

அந்த வியாழக்கிழமை கூட்டம் முடிந்து அத்தை வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அந்தக் கட்டுலேருந்து என் பாடத்தை எடுத்துட்டாங்க, எடுத்தது வெண்டலேதான், ஒரு பொண்ணு சாகக் கிடந்த பாடத்துக்கு என் கையால ஒப்புதல் குடுக்கமாட்டேன்னு சொல்லிட்டார் என்றாள். எந்தப் பொண்ணு என்று கேட்டேன், நிஜமாகவே அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஞாபகம் வந்துவிட்டது. ஓநாயுமா ரே என்றாள். திட்டினால் பரவாயில்லை, இவள் அலமாரியைத் திறந்து, காலி அட்டைப் பெட்டி எதுவும் இருக்கிறதா என்று பார்த்தாள், அலுவலக அறையைக் காலி செய்ய.

மறுநாளே வெண்டல் வீட்டுக்குப் போனேன். அது கதை, கொஞ்சம் நீட்டிச் சொன்னேன் என்றேன். அவர் வாசலில் நின்றுகொண்டே, போன சனிக்கிழமை சொன்னது பொய்யா ரே, இல்ல இப்போ சொல்றது பொய்யா, உன் பெஞ்சாதி வேலையைக் காப்பாத்த வந்திருக்கியா என்றார். அத்தையும் சொல்லிப் பார்த்திருக்கிறாள், அது அவள் பாடமாச்சே, அவள் அப்படித்தானே சொல்வாள் என்று குழுவில் யாரோ கேட்டார்களாம். கடைசியில் வெண்டல், விழுந்த பொண்ணு சொன்னா நம்புறேன், வேற யாரும் வேணாம் என்று சொல்லியிருக்கிறார். அத்தை உன்னிடம் கேட்கமாட்டாள். அந்தப் பிள்ளைக்கு அங்கே ஆயிரம் வேலை, உங்க வாய்க்காக அவளை இழுக்கவேணாம் என்றாள். அதனால் நான் எழுதுகிறேன், அவளுக்குத் தெரியாது.

குழுவுக்கு நாலு வரி எழுதி அனுப்பு. ஐஸ் உடையவில்லை, அது ஒரு லாரியைத் தாங்கும் தடிமன் என்று எழுது, அது நிஜம். அதன்மேல் பனிக்கு அடியில் தேங்கியிருந்த தண்ணீரில் கால் வைத்தாய் என்று எழுது. எவ்வளவு ஆழம் என்றும் கேட்பார்கள். முழங்கால் என்று போட்டால் உனக்கும் ஆபத்தில்லை, எனக்கும் ஊரில் கொஞ்சம் மரியாதை மிஞ்சும் என்று நினைத்தேன். நேற்று சாப்பாட்டு மேசையில் அத்தை ஏரியைப் பார்த்துக்கொண்டு, இந்த மார்ச்சிலேயே ஐஸ் போயிடும்போல இருக்கு, கடைசியா ஒருதரம் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடறேன் என்றாள். கடைசியா என்றது எனக்குப் பிடிக்கவில்லை. கணுக்கால் என்றே எழுதிவிடு. பூட்ஸ் நனைந்தது, அவ்வளவுதான். கயிறு கிடையாது, ஓநாய் கிடையாது. குளிரில் நீ நொண்டி வந்தபோது நான் என் காலுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் பூட்ஸோடு வீட்டுக்கு வண்டி ஓட்டினேன், அதை வேண்டுமானால் சேர்த்துக்கொள், அது நடந்தது.

நல்லபடியாக இரு, ராத்திரி வேலை அதிகம் வாங்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். அடுத்த வியாழக்கிழமை குழு மறுபடி கூடுகிறது, அதற்குள் உன் வரிகள் வெண்டல் கைக்குப் போக வேண்டும், மின்னஞ்சலிலேயே அனுப்பு. உன் வார்த்தையை இங்கே எல்லாரும் நம்புவார்கள்.

அன்புடன்
ரேமண்ட் மாமா