மைனி தந்த மூன்று குடைமிளகாய்

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும்.

ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டைத் துடைக்க எடுத்தேன். அடியில் மைனி, அண்ணன் பெண்டாட்டி, கொடுத்தனுப்பிய மூன்று குடைமிளகாய். தொட்டதும் விரல் உள்ளே போயிற்று. ஒரே கொழகொழப்பு, நாற்றம்.

தப்பு என்னுடையதுதான். எது வந்தாலும் மஞ்சள் தண்ணீரில் முக்கிக் கழுவும் கிறுக்கு எனக்கு. ஈரம் துடைக்காமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறேன். அப்புறம் மறந்தே போனேன். போன வாரம் அண்ணன் அஞ்சுகிராமத்திலிருந்து பைக்கில் கொண்டுவந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு யாரோடும் பேசாமல் கிடந்த மைனி, மாடியில் பையில் மண் போட்டு வளர்த்த செடி. முதல் காய்ப்பு. பாவி நான்.

தென்னை மூட்டில், வேரடி மண்ணில் புதைத்தேன். கை கழுவுவதற்குள் மைனி போன்.

"ஏட்டி, காயைக் கறி வச்சியா? எப்படி இருந்து?"

"சூப்பர் மைனி. உருளைக்கிழங்கு போட்டுப் பொரிச்சேன். துளி கசப்பில்ல."

அந்தப் பக்கம் சிரிப்பு. எத்தனை மாதத்துக்குப் பிறகு! என் நாக்கில் சூடு வைக்க வேண்டும்.

நவம்பர் 6, வியாழன்

தக்கலைச் சந்தை. முருங்கைக்காய் கிட்டவே போக முடியாத விலை. மூன்று குடைமிளகாய் வாங்கினேன். பளபளப்பு, பச்சைக் காம்பு, கையில் கனம், சுருக்கம் இல்லை. இப்போது மட்டும் என்ன கவனம்!

ஒன்றைப் பொரித்தேன், மைனியிடம் சொன்ன மாதிரியே. அதனால் பொய் உண்மையாகிவிடுமா? மற்ற இரண்டும் கழுவாமல், பேப்பரில் சுற்றி ஃபிரிட்ஜில்.

அவர் சாப்பிடும்போது, "இதான் உன் மைனி தந்ததா? கொள்ளாமே, நல்ல ருசி" என்றார். "ம்" என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை விட்டது. அண்ணன் வீட்டுக்குப் போனோம். இன்று உண்மையைச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸிலேயே தீர்மானம்.

போனதும் மைனி கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனாள். பைகளில் தண்ணீர் கட்டி, செடியெல்லாம் மூடு அழுகிச் சாய்ந்து கிடந்தன.

"எல்லாம் போச்சு மக்கா. அந்த மூணுதான் காச்சது."

"நீங்க ஒண்ணாவது தின்னீங்களா மைனி?"

"மொதக் காயை நட்டவ தின்னப்பிடாதும்பா எங்க அம்மா. செடி பிறவு காய்க்காதாம். அடுத்த காயைத் திங்கலாம்னு இருந்தேன். அது போட்டு, விடு. நீ தின்னேல்லா, போதும். எப்படி இருந்துன்னு இன்னொருக்கா சொல்லுட்டி, கேக்கட்டு."

வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

சொன்னேன். கடையில் வாங்கிய காயின் ருசியை.