வாடாத தேசிக்காய்கள்

ரூஜ், ஸ்காபரோ
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மகன் ராகுலனுக்கு,

என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நீ இருக்கும் யெலோனைஃபில் இப்போதே மைனஸ் இருபது என்று ரீவியில் காட்டினார்கள், அந்தக் குளிரிலும் உனக்கு ஒரு தடிமன் காய்ச்சல்கூட வராமல் முருகன் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். ஃபோனில் நான் ஹலோ சொன்னதும் அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிடுகிறாய், கடிதத்தையாவது முழுதாக வாசிப்பாய் என்று நினைக்கிறேன்.

விஷயம் உன் முஸ்டாங்கைப் பற்றியது. பதறாதே, கார் பத்திரமாக இருக்கிறது. விஜயதசமி அன்று வழக்கம்போல என் கொரோலாவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சில்லுகளுக்கு முன்னாலும் தேசிக்காய் வைத்து ஏற்றி நசித்தேன். கராஜுக்குள் நிற்கும் உன் காரை மட்டும் பார்க்காமல் விட மனம் வரவில்லை, அதற்கும் பொட்டு வைத்து நான்கு தேசிக்காய் வைத்தேன். ஆனால் காரை ஸ்டார்ட் பண்ணி ஏற்றி நசிக்கத் திறப்பு வேண்டுமே. மூன்று வருடத்துக்கு முன் வேலைக்குப் புறப்பட்டபோது ஒரே ஒரு திறப்புத்தான் இருக்கிறது, அதைக் கொண்டுபோகிறேன் என்று நீ சொன்னாய். சரி, கிடக்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு வாசல் கூட்டத் தும்புத்தடி எடுக்கக் கராஜுக்குப் போனவன் தற்செயலாகக் குனிந்து பார்த்தேன். நான் வைத்தவை மஞ்சள் பாரித்த காய்கள், அங்கே இருந்தவை பச்சைப்பசேல் என்று இருந்தன. அதற்கடுத்த கிழமையும் அப்படித்தான். குளிருக்குக் காய் வாடாது என்றாள் அம்மா, என் முகத்தைப் பாராமலே. அன்று மத்தியானம் சொதிக்கு விடத் தேசிக்காய் இல்லை என்றும் அவளே சொன்னாள். இரண்டு நாளைக்கு முன்னர்தான் நான் ஒரு பை நிறைய வாங்கி வந்தவன்.

உனக்குத் தெரியும், எனக்கு ஒரு சந்தேகம் வந்தால் சோறு இறங்காது. கராஜில் பெற்றோல் மணம் வேறு. என் எண்ணம் நேரே துஷாந்திடம் போனது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து உன் கூட்டாளிதான், இப்போது இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், நல்ல எலக்ட்ரீசியன், எல்லாம் சரி. ஆனால் அவன் கமாரோக்காரன், உன் முஸ்டாங்குக்குப் பரம எதிரியான கார் அது. நீங்கள் இருவரும் எங்கள் வாசலில் நின்று சண்டை பிடித்ததை நான் மறக்கவில்லை. அறுபத்தெட்டிலும் அறுபத்தொன்பதிலும் ரேஸ் கப் எடுத்தது கமாரோ என்பான் அவன், எழுபதில் முஸ்டாங் எடுத்ததே என்பாய் நீ. இரண்டு பேரும் பிறப்பதற்கு முன்னர் நடந்த ரேஸுக்காகக் காணி வழக்குப் போல வருடக்கணக்காக வாதாடினீர்கள். அப்படிப்பட்டவன் உன் எஞ்சினுக்கு நல்லது செய்வானா? கழற்றக்கூடியதைக் கழற்றித் தன் காருக்குப் பூட்டுகிறான் என்றே முடிவு கட்டினேன். பொனற்றுக்குத் திறப்புத் தேவையில்லை, அதைத் திறந்து எஞ்சினை எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்தேன், கிழமைக்குக் கிழமை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. அதுவே எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

நேற்றுச் சனிக்கிழமை வழக்கம்போலக் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். அம்மா காலையிலேயே உழுந்து அரைத்து வடை சுட்டிருந்தாள், எனக்கு இரண்டு போதுமே, இருபது யாருக்கு? அடுத்த தெருவில் கொரோலாவை நிறுத்திவிட்டு நடந்து வந்து, பக்கத்து வீட்டு வேலியோடு கள்வன் மாதிரி நின்றேன். பத்து மணிக்குத் துஷாந்த் வந்தான். நீ கொண்டுபோனதாகச் சொன்ன அந்தத் திறப்பைக் காற்சட்டைப் பையிலிருந்து எடுத்தான். எஞ்சின் பிடித்ததும் என் நெஞ்சுக்குள் அதிர்ந்தது, அப்படி ஒரு சத்தம். காரை மெல்ல வாசலுக்கு இறக்கினான். பக்கத்து ஆசனத்தில் அம்மா, தலையில் கம்பளித் தொப்பியோடு, ஃபோனை எஞ்சின் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு. ஃபோனுக்குள் நீ. சிரித்துக்கொண்டிருந்தாய் ராகுலன். துஷாந்த் ஏதோ கமாரோ கதை சொல்ல நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் எத்தனை வருடமாகக் கேட்கவில்லை என்று அங்கே நின்று எண்ணிப் பார்த்தேன். பிறகு அவன் காரைத் திரும்ப உள்ளே விட, அம்மா இறங்கி, நசிந்த காய்களைப் பொறுக்கிவிட்டுப் புதிது நான்கை வைத்தாள். நான் சத்தம் போடாமல் திரும்பி நடந்து, உண்மையாகவே கோயிலுக்குப் போனேன்.

மத்தியானம் சாப்பிடும்போது கேட்டேன், எனக்கு ஏன் ஒளிக்கிறீர்கள் என்று. அம்மா முதலில் தேசிக்காயைப் பற்றி ஏதோ தொடங்கினாள், பிறகு கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "பிள்ளை உங்களை நம்பேல்லையப்பா. அவன்ரை முதல் காரை நீங்கள் இரும்புக்குக் குடுத்தனீங்கள். திறப்பு உங்கடை கையிலை இருந்தா இதுவும் போயிடும் எண்டு அவனுக்குப் பயம்."

எனக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. பதினாறு வருடம் ஆகிறது. நீ வோட்டர்லூவில் படிக்கும்போது, அந்தச் சிவப்பு முஸ்டாங் வாசலில் துருப்பிடித்து நிற்கிறது, அயலவர்கள் என்ன நினைப்பார்கள் என்று, உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் இழுத்துக்கொண்டு போகும் லொறியை நான்தான் கூப்பிட்டேன். இரண்டு கோடை விடுமுறை நீ அதற்குள் படுத்துக் கிடந்து வேலை செய்தது எனக்குத் தெரியும், தெரிந்துதான் செய்தேன். படிப்பைக் கெடுக்கும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். நீ வந்து வெறும் வாசலைப் பார்த்துவிட்டு நேரே உள்ளே போனாய். கோபப்படவில்லை, பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். நான் துஷாந்தை ஐந்து கிழமை சந்தேகப்பட்டேன், அது பிழை. நீ என்னை இவ்வளவு காலம் சந்தேகப்பட்டாய், அது சரி. நான் செய்தது பிழை மகன். இதை ஃபோனில் சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. கொஞ்சக் காலமாக பேஸ்மென்டில் இருந்து அந்தப் பழைய ரேஸ்களை யூடியூபில் பார்க்கிறேன். உன்னை அப்படிப் பிடித்து வைத்தது என்ன என்று அறியத்தான் தொடங்கினேன். எழுபதாம் ஆண்டு ரேஸில் முஸ்டாங் வளைவில் உள்ளுக்குள் நுழைந்தபோது என்னை அறியாமல் எழும்பி நின்றுவிட்டேன், முழங்கால் வலியோடு.

துஷாந்திடம் ஒன்றும் கேட்காதே, அம்மாவையும் ஏசாதே. திறப்பு அவனிடமே இருக்கட்டும், எனக்கு வேண்டாம். நீ நேரத்துக்குச் சாப்பிடு, பனியில் கார் ஓடும்போது கவனம், காது மூடும் தொப்பி போடு. வருகிற சனிக்கிழமை நான் கோயிலுக்குப் பின்னேரம்தான் போவேன். காலை பத்து மணிக்கு கராஜ் கதவை நான் திறந்துவிடுவேன், தேசிக்காயும் நானே வைப்பேன். ஃபோனை அம்மா பிடிக்கட்டும். நான் ஒரு கரையில் நிற்பேன், நீ பாட்டுக்குச் சிரி.

எல்லா நலனும் பெற்று நீடு வாழ ஆசீர்வதிக்கும்,
உன் அப்பா,
க. பொன்னம்பலம்