உப்புத்தாள் போட்ட கோல்

ஏம்மா, எப்படி இருக்கே? நீ பார்த்துக்கப் போன உங்கம்மா முட்டிவலி தேவலையா? எனக்கு இங்க சோறு எறங்கல. இரு, மொதல்லேருந்து சொல்றேன்.

நம்ம ஸ்னூக்கர் கிளப்புல லாரிக்காரர் ஆடுவாரே, அவரு தான் பந்து தட்டுற பழைய கோலை ரிப்பேருக்கு எங்கிட்ட குடுத்தாரு. "நுனித்தோல் மட்டும் மாத்துங்கண்ணே. வேற எங்கயாச்சும் கை வெச்சீங்க, அந்தக் கை இருக்காது"ன்னு சிரிச்சாரு. போன வருசம் இப்படிச் சிரிச்சுக்கிட்டேதான் ஒருத்தன் பல்லை... அதை விடு.

தோலை ஒட்டிட்டுப் பார்த்தா, அடிக்கட்டையில கறுப்பா ஒரு கிறுக்கல். அழுக்குதானேன்னு உப்புத்தாள் போட்டு பளபளன்னு தேய்ச்சுட்டேன். நீதான் சொல்லுவியே, ஒரு வேலை சொன்னா ஒன்பது வேலை பார்ப்பேன்னு. கிளப் மேனேஜர் பார்த்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாரு. "யோவ், அது அந்தக் காலத்துல கோலைச் செஞ்சவரு போட்ட கையெழுத்துய்யா! அதைத் தொடாம லாரிக்காரர் ஆட எறங்கவே மாட்டாரு!"

இன்னைக்கு அவருக்கு ஃபைனல்.

பின்வாசல் தெறந்துதான் கெடக்கு. செருப்பைக்கூட மாட்டிட்டேன். ஆனா நான் ஓடினா, அவரு என்னைத் தேடி நேரா உங்கம்மா வீட்டுக்குத்தான் வருவாரு. அதான் செருப்பைக் கழட்டிட்டு உக்காந்து எழுதுறேன்.

வந்துட்டாரு. "அண்ணே, என் தங்கம் ரெடியா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கூப்பிடுறாரு. கோலை எடுத்துக்கிட்டு நானே போயிச் சொல்லிடுறேன். எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, நீ...