பின்னால் பார்த்து ஓட்டுகிறவன்

மார்ச் 3
கழுத்துப் பட்டையைக் கழற்றியாயிற்று. கண்ணாடியில் பார்த்தால் இரவல் வாங்கிய தலை மாதிரி இருக்கிறது. கிடங்கில் மேல் அடுக்கிலிருந்து ஒரு பெட்டி கழுத்தில் விழுந்ததிலிருந்து வீட்டோடுதான். "முன்னாடியே கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டீங்க. இப்ப சாக்கு வேற கிடைச்சிருச்சு" என்றாள் மனைவி. சிரித்தேன். சிரித்தாலும் வலிக்கிறது.

மார்ச் 9
பிசியோதெரபி. இடது பக்கம் பரவாயில்லை. வலது பக்கம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. தோளையும் சேர்த்துத் திருப்பி ஏமாற்றப் பார்த்தேன். பயிற்சி கொடுக்கிற பெண் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "கழுத்த மட்டும் திருப்புங்க அண்ணா... ஃபோர்க்லிஃப்ட் இப்போதைக்கு வேணாம். ஓட்டாத வேலையா கேளுங்க."

ஓட்டாத வேலை! எனக்கு வேறு என்ன தெரியும்? ஃபோர்க்லிஃப்ட் முன்கரங்களில் தூக்கிய சுமை கண்ணை மறைக்கிற உயரம் என்றால் வண்டியைப் பின்பக்கமாகவே ஓட்ட வேண்டும், போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்த்தபடி. அதில்தான் எனக்குப் பேர்.

மார்ச் 10
எழுந்திருக்கவே பிடிக்கவில்லை.

மார்ச் 16
"நல்லாயிடுச்சு சார். சர்டிஃபிகேட் நாளைக்குக் கொண்டுவரேன்" என்றேன். ஆள் பற்றாக்குறை, சூப்பர்வைசர் சாவியைக் கொடுத்துவிட்டார். வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 17


உயரமான சுமை. பின்னால் எடுத்தேன். கழுத்து திரும்பவில்லை. கண்ணாடியில் வழி காலியாகத்தான் தெரிந்தது. ஹார்ன் அடித்தேன். ஏனோ மனசு கேட்கவில்லை, நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். சக்கரத்துக்குப் பின்னால் நெட்டை — பெட்டி ஒட்டுகிற என் கூட்டாளி — குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஹார்ன் கேக்கலயாடா?"

"கேட்டுச்சு. நீதானே ஓட்டுற, உனக்குத் தெரியாதான்னு இருந்துட்டேன்."

சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கழிவறையில் போய் அழுதேன். ஐயோ, அவனுக்கு ரெண்டு குழந்தைங்க இருக்கு. என்ன மனுஷன்டா நான்?

மார்ச் 18
மனைவியிடம் எல்லாம் சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 6
மறுபடி வேலை. அரை நாள்தான். ஆரஞ்சு கோட்டு, விசில். தரையில் நின்று வண்டிக்கு வழி காட்டுவது. வலது பக்கம் இனி இவ்வளவுதானாம், டாக்டரே சொல்லிவிட்டார்.

என் வண்டியைப் புதிதாக வந்தவன் ஓட்டுகிறான். இன்று உயரமான சுமையோடு பின்னால் வந்தான், கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு. விசில் ஊதி நிறுத்தினேன். "கண்ணாடிலதான் தெரியுதே அண்ணே" என்கிறான்.

அவன் கழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. திருப்பத்தான் மாட்டேன் என்கிறான். நாளைக்கும் நான் அவனுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.