ஊதாத விசில்

ஞாயிறு இரவு. எழுதத் தெரியாது, போனிடம் சொல்கிறேன்.

ஈய விலை விழுந்து அம்பாங் சுரங்கங்கள் மூடப்பட்டதற்கு முந்தைய வருஷம், மேஸ்திரி மாணிக்கம், கீழே நிற்பவர்களை விலகச் சொல்லும் விசிலை ஊதாமலே, மண்ணை உடைக்கும் குழாய்த் தண்ணீரைத் திறக்கச் சொன்னான். மண்மேடு சரிந்து என் தம்பியைப் புதைத்தது.

இன்று அந்த மாணிக்கம்தான் கிள்ளான் கோயிலுக்குத் தலைவர். கூரையில் சோலார் வைக்கலாமா என்று கூட்டம்.

"வெயில நம்ப முடியாது லா. வெளிநாட்டுல பாறைக்குள்ள இருக்கற ஷேல் கேஸ் எடுக்கறான். தண்ணிய அழுத்தி அடிச்சா பாறையே உடையுது!" என்றான் மாணிக்கம்.

நான் எழுந்தேன். "அடிக்கறதுக்கு முன்ன விசில் ஊதுவாங்களா, தலைவரே?"

அவன் முகம் வெளுத்தது. "அன்னிக்கு நான் ஊதினேன்யா! இல்லன்னு சொல்ல எவன் இருக்கான்? எல்லாம் செத்துட்டானுங்க."

கைகள் சோலாருக்கே உயர்ந்தன. எனக்கு அது போதாது. நாளைக் காலை செமினிக்கு பஸ் ஏறுகிறேன். அன்று குழாயைப் பிடித்திருந்த சின்னையா அங்கே உயிரோடு இருக்கிறான்.