பன்னீர்ச் செம்பில் ஊற்றிய சென்ற்

12.8.93 வியாழன்

நல்ல வெயில். உழுந்து ஊறப் போட்டது. களி கிண்ட நல்லெண்ணெய் போதாது, மச்சாளிடம் கேட்க வேண்டும். மகள் வதனி சாமத்தியப்பட்டு, பெரியவளாகி, அறைக்குள் இருக்கிறாள். பதின்மூன்று வயது, ஓடித் திரிந்த பிள்ளை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறாள். ஆவணி பிறந்த பிறகு, 22 ஞாயிறு, சடங்கு. தகப்பன் பிரான்சில். ஐயர், பந்தல், சமையல் எல்லாவற்றுக்கும் நான்தான் இணுவில் முழுக்க ஓட வேண்டும்.

பின்னேரம் நீர்வேலிச் சிவம் வந்தான். இவரின் சிநேகிதன். கொழும்பால் வந்து கிளாலியில் படகு ஏறி, கறுத்து மெலிந்து வந்திருக்கிறான். கையில் ஒரு பை. முதலில் அடுத்த வளவுக்குப் போய், இவரின் அக்காவோடு, அதுதான் மச்சாளோடு, வெகுநேரம் கதைத்துவிட்டுத்தான் இங்கே வந்தான். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. புருஷனின் பை பெண்சாதியிடம்தானே முதலில் வர வேண்டும்?

"அங்கை இருந்து வந்த சாமான், அக்கா."

தேத்தண்ணி வேண்டாமாம். இருக்கவும் இல்லை.

பைக்குள்: ஒரு சுவெற்றர், மணிக்கூடு, சொக்லேற் பெட்டி, ஒரு சட்டை, ஒரு வாசனைச் சென்ற் போத்தல். கடிதம் இல்லை. ஆனிக்குப் பிறகு கடிதமே இல்லை. சட்டை புதிது இல்லை, போட்ட சட்டை. அங்கே வேண்டாததை ஊருக்குத் தள்ளுகிறாராக்கும்.

போத்தலில் கால்வாசி இல்லை.

13.8 வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை, வீட்டில் பிள்ளையின் துடக்கு. அதனால் சென்ற்றை ஆராய்ந்தேன். சதுரப் போத்தல், தடித்த கண்ணாடி, தேன் நிறம், பொன் மூடி. பேர்க்காரக் கொம்பனி போலிருக்கிறது. பிரெஞ்சு எழுத்து, எனக்கு விளங்காது.

மணிக்கட்டில் அடித்தவுடன்: மிளகு. மூக்கில் ஏறித் தும்மல். பிறகு கராம்பு, ஏலம், கொஞ்சம் கறுவா. சரக்குக் கடைக்குள் நுழைந்த மாதிரி.

உழுந்து அரைத்து முடிய: சந்தனம். ஆனால் கோயில் சந்தனம் இல்லை. அது குளிர். இது சூடு. உடம்போடு ஒட்டி நிற்கிற சந்தனம்.

விளக்கு வைக்கும் நேரம்: சரக்கெல்லாம் போய், பால் காய்ந்த மாதிரி ஒரு மெல்லிய வாசம். நல்லாய்த்தான் இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல்.

சட்டைக் கழுத்திலும் இதே மணம். லொறி ஓடின மனுசன். ஒயில், பீடி, தலைக்குத் தேங்காயெண்ணெய்: எனக்குத் தெரிந்த மணம் அவ்வளவுதான். இப்படி மணக்க வேண்டும் என்றால் பக்கத்தில் யாரோ இருக்க வேண்டும். கால்வாசியைப் பூசியது யார்? ஐந்து வருஷம் தனியே இருக்கிற மனுசன். நான் ஒன்றும் சின்னப்பிள்ளை இல்லை.

15.8 ஞாயிறு

குண்டு போடுகிற பொம்மர் சுற்றியது. பங்கருக்குள் நானும் வதனியும் மச்சாளும். நேற்றும் அடித்த சென்ற் ஈர மண் மணத்துக்கு மேலே நின்றது. வதனி என் கையைப் பிடித்து மோந்து மோந்து பார்த்தாள்.

"அப்பா இப்பிடித்தான் மணப்பாரோ அம்மா?"

"உது அப்பான்ரை மணம் இல்லை."

சுருக்கென்று சொல்லிவிட்டேன். பிள்ளை கையை விட்டுவிட்டாள். மச்சாள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தது. கேட்டேன். ஈர விறகுப் புகையாம்.

வெளியே வந்த பிறகு மனதில் கிடந்ததைச் சொன்னேன்.

"மச்சாள், உங்கடை தம்பி அங்கை ஆரையோ வச்சிருக்கிறார். அவள் பூசின மிச்சம்தான் எனக்கு வந்திருக்கு."

"விசர்க் கதை கதையாதை பிள்ளை. சடங்கு முடியட்டும்."

"முடிஞ்சா என்ன, இல்லையெண்டு ஆகிடுமோ?"

விறுவிறென்று தன் வளவுக்குப் போய்விட்டார். தம்பியை விட்டுக் கொடுக்கமாட்டார். ரத்தம் அல்லவா.

17.8 செவ்வாய்

ஆவணி பிறந்துவிட்டது. பகல் முழுக்கப் புழுக்கம். மண்ணெண்ணெய் இல்லை, தேங்காயெண்ணெய் விளக்குத்தான்.

சட்டையைத் தோய்த்தேன். இருக்கிற ஒரு சவர்க்காரத் துண்டு வதனிக்குத் தண்ணீர் வார்க்கிற அன்றைக்கு வேண்டும். அதனால் எல்லாரும் செய்கிற மாதிரிப் பனம்பழம் பிழிந்து, கல்லில் போட்டுக் கும்மினேன். கழுத்து, கமக்கட்டு, கை மடிப்பு எல்லாம். கொடியில் போட்டு மோந்து பார்த்தேன். சென்ற் போய்விட்டது. திருப்தி.

மச்சாள் வேலிக்கு அங்காலே நின்று பார்த்தார். "உதை ஏன் தோய்ச்சனி?" என்று கேட்டு, அப்படியே குந்திவிட்டார். வெயில் என்றார். தண்ணீர் கொடுத்தேன்.

இவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கிக் கிழித்தேன். மகள் பெரியவளானதை இன்னும் அறிவிக்கவில்லை. என்ன முகத்தோடு எழுத? திரும்பி வரமாட்டார் என்றால் அதைச் சொல்லட்டும். அது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டும்.

20.8 வெள்ளி

பன்னீர் எங்கும் இல்லை. மருதனார்மடம், சுன்னாகம், பெரியகடை, ஒரு கடை பாக்கியில்லை. ஆஸ்பத்திரிக்கே மருந்து வரவில்லை, உனக்குப் பன்னீரோ என்று ஒரு கடைக்காரன். நியாயம்தான். ஆனால் வாசலில் பன்னீர் தெளிக்காத சாமத்திய வீடு எங்கே இருக்கிறது?

அப்போதுதான் யோசனை வந்தது. சென்ற்றைக் கிணற்றுத் தண்ணீரில் கலந்து செம்பில் விடலாம். சந்தனம் தானே. எவளோ பூசிய மிச்சம் என் வீட்டை விட்டும் போகும்.

மச்சாளிடம் சொன்னேன்.

"வேண்டாம் பிள்ளை. வெறுந் தண்ணியைத் தெளி."

"ஏன்? உங்கடை தம்பியின்ரை காசு வீணாகுமெண்டோ?"

மச்சாள் குசினிக்குள் போய்விட்டார். வரவர இந்த மனுசி விளங்கவில்லை.

22.8 ஞாயிறு

சடங்கு நல்லபடி முடிந்தது. மழையில்லை, பொம்மரும் இல்லை. வதனி கூறைச் சேலையில் இவரின் தாய் மாதிரியே இருந்தாள். கூனி கூனி நடந்தாள்.

முழுப் போத்தலையும் செம்பில் ஊற்றினேன். சுமங்கலி நிற்க வேண்டும் என்று வாசலில் நானே நின்று தெளித்தேன். சிவப்புச் சேலை, தலை நிறையப் பூ, பெரிய பொட்டு. இவர் இல்லாவிட்டாலும் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று ஊர் பார்க்கட்டும். எல்லார் தோளிலும் தாராளமாகத் தெளித்தேன். வளவே சந்தனம்.

சனம்தான் ஒரு மாதிரி. ஒருவரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழும்பிவிட்டார்கள். சிவத்துக்குத் தெளித்தபோது கண்ணை மூடிக்கொண்டான். கொழும்பில் இல்லாத சென்ற்றா?

பாத்திரம் நிறைய. சாம்பல் போட்டு மினுக்கி மினுக்கிக் கை எரிகிறது. மச்சாள் சேலையும் மாற்றாமல் இங்கேயே படுத்துவிட்டார்.

23.8 திங்கள்

எழுதாமல் இருந்தால் விசர் பிடிக்கும்.

விடிய, மச்சாள் என் தலையிலிருந்து பூவை எடுத்தார். வாடினதை எடுக்கிறார் என்று நினைத்தேன்.

"பிள்ளை, அவன் இல்லை. ஆனியிலையே போய்ச் சேந்திட்டான்."

வேலை செய்த இடத்தில் நெஞ்சு நொந்து விழுந்தாராம். சிநேகிதப் பெடியள் அங்கேயே எரித்துவிட்டார்களாம். அவர்களில் ஒருவன் கொழும்பு வரைக்கும் கொண்டு வந்து சிவத்திடம் கொடுத்ததுதான் அந்தப் பை. ஊருக்கெல்லாம் தெரியும். நேற்றுச் சாப்பிடாமல் எழும்பினார்களே, அவ்வளவு பேருக்கும் தெரியும்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னாச் சடங்கு நிண்டிடும். வருசத் திவசம் முடியுமட்டும் பிள்ளையை மூலையிலை இருத்துறதே? அவன் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பான்."

சிவம் முற்றத்தில் நின்றான். சென்ற் ஆருடையது என்று கேட்டேன்.

"அவரின்ரைதான் அக்கா. ரெஸ்ரோறண்டிலை கோப்பை கழுவுற வேலை. கொழுப்பு மணம் உடம்பிலை நாறுதெண்டு, ஒவ்வொரு நாளும் குளிச்சிட்டு அடிக்கிறவராம். ரெயினிலை சனம் தள்ளிப்போய் இருக்கிறது அவருக்கு வெக்கமாம்."

யாரும் இல்லை. ஒருத்தியும் இல்லை. கோப்பை கழுவிய கை.

கொடியில் சட்டை. பனம்பழம் மணக்கிறது. போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தேன். என் கையில் சாம்பல் மணம். தெளித்தவள் நான், என்மேல் ஒரு சொட்டும் இல்லை.

சனம் வரத் தொடங்கியது. பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் அழவில்லை. அவர்களின் கழுத்தடியில் மூக்கை வைத்து அந்த மணத்தைத் தேடினேன். முன்வீட்டு ரீச்சரின் தலைமயிரில் கொஞ்சம் இருந்தது. விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டேன், இழுத்துத்தான் எடுத்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் போய்த் தலைமுழுகுவார்கள். செத்த வீட்டுக்கு வந்தால் முழுகத்தானே வேண்டும்.

மச்சாளின் தோளில்தான் நிறைய இருந்தது. நேற்றைய சேலை. பாலும் சந்தனமும், அடியில் லேசாய்க் கராம்பு. வதனியைக் கூப்பிட்டு அந்தத் தோளில் முகத்தை வைக்கச் சொன்னேன்.

"இதுதான் அப்பா. நல்லா மோந்து பார்."

கிணற்றடியில் வாளி போட்டுவிட்டார்கள். உடன்பிறந்தவள் முதலில் முழுக வேண்டுமாம். மச்சாள் எழும்பினார். சேலைத் தலைப்பைப் பிடித்தேன்.

"கொஞ்சம் பொறுங்கோ மச்சாள்."